கடல் மேற்கே இருந்த ஐந்து நாள்

போன மாதம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் கூப்பிட்டார். கல்யாண நாளுக்கு எங்காவது போக வேண்டுமாம். "உங்க ஊர்ப் பக்கம் தீவுல, ஆள் நடமாட்டம் இல்லாம, சின்னதா ஒரு பீச் ஹோட்டல் இருக்கா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். வரைபடத்தைத் திறந்து தூத்துக்குடியைப் பார்க்கிற யாருக்கும் அது தோன்றும். கரையை ஒட்டி வான்தீவு, காசுவாரி, விலாங்குசல்லி, காரியசல்லி என்று வரிசையாக நான்கு பெயர் இருக்கும். அங்கிருந்து ராமேசுவரம் வரை மொத்தம் 21 தீவு. வெள்ளை மணலும் பவளப்பாறையும் ஆழம் குறைந்த பச்சைத் தண்ணீருமாக இருக்கிற இடம்.

ஒன்றிலும் தங்க முடியாது. 1986இல் இந்த 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்காவாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதற்குப் பிறகு அனுமதியில்லாமல் கால் வைக்கவே கூடாது. துறைமுகத்தோடு சேர்ந்த முயல்தீவுக்குக் காணும் பொங்கலன்று குடும்பத்தோடு கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவோம். எங்கள் தீவு வாழ்க்கை அவ்வளவுதான். நண்பரிடம் இதைச் சொல்லிவிட்டு, "நான் போய்த் தங்கின ஒரு இடத்தைச் சொல்றேன், ஆனா அது இந்தப் பக்கம் இல்ல, எதிர்க்கரை" என்றேன். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் இந்தப் பதிவு.

எதிர்க்கரை என்றால் மன்னார் தீவு. இலங்கையின் வடமேற்கு ஓரத்தில் ராமேசுவரத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கிற தீவு. தூத்துக்குடியிலிருந்து கடலில் நேர் கிழக்கே போனால் 200 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் நேரே போக வழியில்லை. 2011 ஜூனில் தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பல் தொடங்கியது; அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே நின்றும் போனது. ஆகவே நானும் அம்மாவும் காரில் மதுரை போய், அங்கிருந்து ஒரு மணி நேர விமானத்தில் கொழும்பு போய், அங்கிருந்து ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸில் மன்னார் போனோம். வழியில் புத்தளத்துக்குச் சற்று முன்னால் சாலையோரம் உப்பளம் வந்தது. பாத்தியும் வரப்பும் வெள்ளைக் குவியலும் அப்படியே எங்கள் ஊர்தான். தூங்கிக்கொண்டிருந்த அம்மா கண் விழித்து, "ஏய்யா, ஊரு வந்துருச்சா?" என்று கேட்டார்.

அம்மாவைக் கூட்டிப் போனதற்குக் காரணம் உண்டு. அவருடைய தாத்தா குளிகாரர். முத்துக்குளிக்க மறிச்சுக்கட்டி வரைக்கும் போய் வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். மறிச்சுக்கட்டி எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. சின்ன வயதில் அது தூத்துக்குடியிலேயே ஒரு தெரு என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். எழுபது கடந்தபிறகு ஒருநாள், "அந்த இடத்த ஒரு தடவ பாத்துட்டா போதும்" என்றார். அது மன்னாருக்குத் தெற்கே இருக்கிற கரை என்று தேடிப் பார்த்துச் சொன்னேன். மார்ச் மாதத்தில் கிளம்பினோம்.

ஹோட்டல் என்று சொல்லலாமா தெரியவில்லை. ஆறு அறை. தீவின் தென்கரையில், பனங்காட்டுக்குள் மண்பாதையில் கொஞ்ச தூரம் போனால் வரும். கூரை பனை ஓலை. சுவர் இடுப்பு உயரத்துக்கு சிமெண்ட், அதற்குமேல் கிடுகு. கட்டிலைச் சுற்றிக் கொசுவலை. டி.வி. இல்லை, ஏ.சி. இல்லை. வாசற்படியில் இறங்கினால் மணல். எண்ணி அறுபது எட்டு வைத்தால் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு, சோப்பு நுரைக்காது. எங்களுக்கு அது குறையாகவே படவில்லை. பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறோம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

முதல் ராத்திரி இரண்டு மணி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே யாரோ மெதுவாக நடக்கிற சத்தம். மூச்சு விடுகிற சத்தமும் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் கழுதை. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் ஒரு குட்டி. மன்னார் முழுக்க கழுதைகள் கட்டுப்பாடில்லாமல் திரிகின்றன. ஒரு காலத்தில் பொதி சுமக்க வந்தவை. வேலை போனபிறகு ஊரோடு தங்கிவிட்டன. அம்மா கொசுவலைக்குள் உட்கார்ந்தபடியே ரொம்ப நேரம் அந்தக் குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடற்கரையோரமாகக் கொஞ்ச தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைந்துகொண்டிருந்தன.

மறுநாள் சாயங்காலம் நடந்ததைத்தான் நான் இன்னும் மறக்கவில்லை. கடலைப் பார்த்து இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சூரியன் இறங்க ஆரம்பித்தது. எங்கள் ஊரில் கடல் என்றால் கிழக்கு. சூரியன் கடலிலிருந்து ஏறும், ஊருக்குப் பின்னால் உப்பளத்தில் விழும். அம்மாவின் வாழ்நாள் முழுக்க அப்படித்தான். இங்கே அதே மன்னார் வளைகுடாவில், அதே தண்ணீரில், சூரியன் இறங்கியது. அம்மா எதுவும் பேசவில்லை. முழுக்க மறைந்தபிறகு கையை நீட்டி, "நம்ம வீட்டுக்குப் பின்னாடி போயி விழுது, பாரு" என்றார். மார்ச் மாதத்தில் சூரியன் கிட்டத்தட்ட நேர் மேற்கே இறங்கும். அந்தக் கரைக்குக் கிட்டத்தட்ட நேர் மேற்கே இருப்பது தூத்துக்குடிதான். அம்மா அளந்து சொல்லவில்லை, சரியாகச் சொன்னார்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இடம் நடத்துகிறவர் ஐம்பது வயதுக்காரர். சண்டை நாட்களில் குடும்பத்தோடு படகேறி வந்து மண்டபம் முகாமில் வளர்ந்தவர். "உங்கட நாட்டிலதான் அஞ்சாம் வகுப்பில இருந்து படிச்சனான்" என்று முதல் பேச்சிலேயே சொன்னார். ராத்திரிக்கு என்ன மீன் வேண்டும் என்று கேட்டார். "சீலா கிடைச்சா சீலா போதும்" என்றேன். வறுத்து வந்ததைப் பார்த்தால் ஊளி. சமையல்கார அக்காவைக் கூப்பிட்டு அம்மா கேட்க, "இதுதானே சீலா" என்று அந்த அக்கா சொல்ல, இரண்டு பேரும் அடுப்படிக்கே போய்விட்டார்கள். நாம் சீலா என்பதை அங்கே அறக்குளா என்கிறார்கள்; நம் ஊளி அங்கே சீலா. அடுத்த அரை மணி நேரம் அம்மியடியில் நின்று இரண்டு பேரும் ஒவ்வொரு மீனாகப் பெயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் இடியப்பத்துக்குச் சொதி வந்தபோது அம்மா அதை முகர்ந்து பார்த்து, "எங்க திருநவேலிப் பக்கம் மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைப்போம்" என்றார். அக்காவுக்கு ஆச்சரியம்: "ஓமோ? நாங்கள் ஒவ்வொரு நாளும் வைப்பம், அம்மா."

காற்றின் பெயர்கள் மட்டும் அப்படியே ஒத்துப்போயின. வாடை, கொண்டல், கச்சான். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்றுதான் அங்கேயும் கச்சான். ஆனால் கடையில் போய்க் கச்சான் என்று கேட்டால் வேர்க்கடலை தருவார்கள். நாங்கள் கொண்டுபோன தூத்துக்குடி மக்ரூன் இரண்டு பெட்டியும் முதல் நாளே தீர்ந்தது. முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும் மட்டும் சேர்ந்தால் இப்படி வருமா என்று அந்த அக்கா அடுத்த நாள் கேட்டார்.

இந்த ஒற்றுமையெல்லாம் தானாக வந்தது அல்ல. 1560இல் போர்த்துக்கீசியர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினபோது, எங்கள் முத்துக்குளித்துறைக் கரையிலிருந்து பரதவர் குடும்பங்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோய் அந்தத் தீவில் குடிவைத்தார்கள். அதற்கும் முன்பே போக்குவரத்து உண்டு. இந்தக் கடலை வைத்துப் பிழைத்தவர்களுக்குக் கரை இரண்டாக இருந்ததில்லை. கிரேக்க மாலுமிகள் காலத்தில் இந்தக் கடலின் முத்துக்குக் கொற்கைதான் அடையாளம். தாலமியின் கணக்கில் வளைகுடாவுக்கே கொற்கையின் பெயர். இன்றைக்கு அதற்கு மன்னாரின் பெயர். 1976இல்தான் இந்திய - இலங்கை ஒப்பந்தப்படி நடுவே கோடு போட்டார்கள்.

மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்து அரிப்புக்குப் போனோம். மறிச்சுக்கட்டி இன்னும் தெற்கே. முதலில் அரிப்பைப் பாருங்கள் என்று இடக்காரர் சொல்லியிருந்தார். அரிப்பில் கடலோர மேட்டில் ஒரு செங்கல் இடிபாடு நிற்கிறது. பிரிட்டிஷ் இலங்கையின் முதல் ஆளுநர் பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிட வருகிறபோது தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. டோரிக் பாணித் தூண்களுக்காக 'டோரிக்' என்று புத்தகங்களில் வரும். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் அல்லிராணி கோட்டை. இந்தக் கரையில் சின்னதாக, தனியாக, கடலைப் பார்த்துக் கட்டின முதல் 'பீச் ஹோட்டல்' என்றே அதைச் சொல்லலாம். தங்கியது ஒருவர் மட்டும். கடல் மேட்டைத் தின்றுகொண்டே வருகிறது. சுவரின் ஒரு பகுதி ஏற்கனவே சரிந்து கீழே கிடக்கிறது.

அந்த மாடியில் நின்றவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று அம்மாவுக்குச் சொன்னேன். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, இரண்டு பருவக்காற்றுக்கும் நடுவே கடல் படிந்திருக்கிற நாட்களில்தான் குளிப்பு. கடலடியில் சிப்பி கிடக்கிற பாருக்கு மேலே படகுகள் நிற்கும். குளிகாரர் கயிற்றில் கட்டின கல்லில் கால் வைத்து, மூக்கைப் பிடித்து, ஐந்து முதல் பத்துப் பாகம் வரைக்கும் இறங்குவார். ஒரு நிமிஷம், அதிகம் போனால் ஒன்றரை நிமிஷம். அதற்குள் வலைப்பையில் சிப்பியை அள்ளிப் போட்டுக் கயிற்றை இழுத்துக் காட்ட வேண்டும். மேலே இருக்கிறவர் தூக்குவார். சுறா அண்டாமல் மந்திரம் கட்டுவதற்குக் கடல்கட்டி என்று ஓர் ஆள் இருப்பார். அவர் இல்லாமல் யாரும் இறங்க மாட்டார்கள். கரைக்கு வந்ததும் சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்தால் இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளிகாரருக்கு. 1905இல் மறிச்சுக்கட்டிக் கரையில் கிட்டத்தட்ட 5,000 பேர் குளித்து 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். அடுத்த வருஷமே லண்டன் கம்பெனி ஒன்று பார்களை 20 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. 1907க்குப் பிறகு அந்தக் கம்பெனிக்கு எடுக்கச் சிப்பியே இல்லை.

எல்லாம் கேட்டுவிட்டு அம்மா சொன்னது வேறு. எங்கள் ஊரில் கடைசியாக முத்துக்குளித்தது 1961இல். அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. "முத்து ஒண்ணும் நான் பாக்கல. நாத்தம்தான் ஞாபகம் இருக்கு. சிப்பிய அழுக விட்டுத்தான அலசுவாவ. ஈ மொச்சுக்கிட்டு கெடக்கும். எங்கப்பா வீட்டுக்கு வந்தா ரெண்டு வாளித் தண்ணி ஊத்தாம உள்ள விட மாட்டா எங்கம்மா." அதைச் சொல்லிவிட்டு மேட்டின் ஓரத்தில் கொஞ்சம் மணலை அள்ளி, உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். மணலோடு சிப்பித்தூள் கலந்து மினுங்கியது. கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அன்றைக்கு மறிச்சுக்கட்டி வரைக்கும் போனோம். ஒரு பெயர்ப்பலகை, புதர்க்காடு, வெயில். அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கி ஐந்து நிமிஷம் நின்றார். போதும் என்றார்.

ராத்திரி இடக்காரரின் தம்பி வந்திருந்தார். வடக்குக் கரையில் தொழில் செய்கிறவர். காலையில் அவரோடு கடலுக்குப் போகலாமா என்று கேட்டேன். "இண்டைக்குப் புதன்கிழமை. நாங்கள் வலை விடமாட்டம்" என்றார். ஏன் என்று கேட்டபோது கொஞ்சம் தயங்கினார். திங்கள், புதன், சனி நம் பக்கத்து இழுவைப் படகுகள் வருகிற நாள். அன்றைக்கு வலை விட்டால் அறுத்துக்கொண்டு போய்விடும். கடன் வாங்கி வாங்கின வலை. "உங்களச் சொல்லேல்ல, அண்ணன்" என்று சேர்த்துச் சொன்னார். அந்தப் படகுகள் ராமேசுவரம் பக்கத்தவை, எங்கள் ஊர் விசைப்படகுகள் அங்கே போவதில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவருடைய வலையை அறுப்பது தமிழ்நாட்டுப் படகு, நான் தமிழ்நாட்டுக்காரன். இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடைசெய்துவிட்டது. மடி இழுத்தால் கடலடியில் ஒன்றும் மிஞ்சாது என்று எங்கள் ஊர் நாட்டுப்படகுக்காரர்களும் எத்தனையோ வருஷமாகச் சொல்லிவருகிறார்கள். எங்கள் மீனவர்கள் பிடிபட்டு, சிறையில் கிடந்து, படகை இழந்து நிற்கிற வலியும் எனக்குத் தெரியும். ஆனால் மன்னாரில் ஓலைக் கூரையின் கீழ் உட்கார்ந்து அந்தத் தம்பியின் முகத்தைப் பார்த்தபிறகு, இந்த விஷயத்தில் ஒரு பக்கத்தை மட்டும் என்னால் பேச முடியவில்லை.

பேச்சை மாற்றுவதற்காக இடக்காரர் கேட்டார்: "உங்கட கரைக்குப் பக்கத்திலயும் தீவு கிடக்குதெல்லோ? ஒருத்தரும் அங்க இப்பிடி ஒண்டு கட்டேல்லயா?"

அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடம் ஒன்று இருக்கிறது. உள்ளே தெரிவது செங்கல் இல்லை. வெளுத்த கல்; அதில் வளைந்து வளைந்து ஓடுகிற வரி, பக்கத்துக் கல்லில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழி. விரல் நுனியை வைத்தால் ஒவ்வொரு குழிக்குள்ளும் மெல்லிய தகடுகள் நிற்பது தட்டுப்படும். முருகைக்கல். அதாவது பவளப்பாறை. எங்கள் தெருவில் பழைய வீடுகளில் பாதி அப்படித்தான். கடப்பாரை வைத்துப் பாரிலிருந்து பெயர்த்து, வள்ளத்தில் ஏற்றி வந்தார்கள். வீடு கட்டினதுபோகச் சுண்ணாம்புக் காளவாசலுக்குப் போனது, பிறகு ஆலைகளுக்கும் போனது. வருஷக்கணக்கில் நடந்தது. பவளத்தை 2001இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதன் பிறகும் எடுப்பு முழுக்க நிற்கச் சில வருஷம் ஆனது.

பாறை என்பது தீவுக்கு முன்னால் நிற்கிற கல்லணை. அலை அதில் மோதி வேகம் குறைந்துதான் மணலுக்கு வரும். கல்லை எடுத்துவிட்டால் அலை நேரே மணலில் விழும். விலாங்குசல்லி இப்போது தண்ணீருக்கு அடியில். கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் அப்படியே. ஆக, 21 தீவு என்று நாம் சொல்வதில் இரண்டு கண்ணுக்குத் தெரியாது. காரியசல்லி 1969இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. இன்றைக்கு அதில் கால்பங்குகூட இல்லை. வான்தீவு மறைகிற நிலைக்கே வந்தபிறகு, 2015 முதல் அதன் முன்னால் கடலுக்குள் செயற்கைப் பாறைத் தொகுதிகளை இறக்கினார்கள். கான்கிரீட்டில் செய்த, துளைகள் உள்ள பெரிய கட்டமைப்புகள். அவை அலையைத் தாங்குகின்றன, மணல் திரும்பச் சேர்கிறது, அவற்றில் பவளமும் ஒட்டி வளர்கிறது. நல்ல செய்தி. காரியசல்லிக்கும் இப்போது அதே வேலை தொடங்கியிருக்கிறார்கள்.

"ஹோட்டல் கட்ட அங்க இடம் இல்ல, அண்ணே. இருந்த தீவ எடுத்து நாங்க ஊருக்குள்ள வீடு கட்டிட்டோம்" என்று முடித்தேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அம்மாதான், "எங்கப்பா கட்டின சொவரு அது" என்று சொன்னார். யாரையும் குறை சொல்கிற குரலில் இல்லை.

எங்கள் தீவுகளில் சுற்றுலா விடுதி வந்தால் ஊர் வளரும் என்று அவ்வப்போது ஒரு பேச்சு வரும். நான் அதற்கு முழுக்க எதிர். மன்னார் வேறு. அது ஊர், கோவில், பள்ளிக்கூடம், பனங்காடு எல்லாம் உள்ள தீவு. காலங்காலமாக ஜனங்கள் இருக்கிற இடம். அங்கே உள்ளூர்க்காரர் ஒருவர் ஆறு அறை போட்டு, பக்கத்து வீட்டு மீனை வாங்கிச் சமைத்துப் போடுவதை மண் தாங்கும். அங்கேயுமே எல்லை உண்டு. தென்கரையில் நிற்கிற 30 காற்றாலைக்கு மேல் இன்னும் கொண்டுவருவதையும், கரை மணலைக் கனிமத்துக்காக அள்ளுவதையும் எதிர்த்து மன்னார் ஜனங்கள் 2025இல் தெருவில் இறங்கினார்கள். மணல் தாழ்ந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று அவர்கள் சொல்வது எனக்கு நன்றாகப் புரிந்தது. நம் காரியசல்லியோ நான்கைந்து வயல் பரப்புள்ள மணல்திட்டு. சுற்றிலும் கடற்புல், ஆமை, கடற்பசு. அதன்மேல் ஒரு கழிவறை கட்டினால்கூட அதிகம்.

போக நினைப்பவர்களுக்கு: பிப்ரவரி, மார்ச் நல்ல மாதம். இலங்கைக்கு இணையத்திலேயே முன்அனுமதி வாங்கிக்கொள்ளலாம். தென்கரையில் தங்கினால் சாயங்காலம் கிடைக்கும், வடகரையில் காலை. வங்காலைப் பக்கம் நீர்நிலையில் பூநாரை இருக்கிறதா என்று ஆட்டோக்காரரைக் கேளுங்கள். பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் இருக்கிறது. அடிமரத்தைச் சுற்றிக் கைகோக்கப் பத்துப் பேருக்கு மேல் வேண்டும். நாகப்பட்டினம் - காங்கேசன்துறைக் கப்பலில் போய் யாழ்ப்பாணம் வழியாக இறங்கவும் செய்யலாம். ஓடுகிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மக்ரூன் கொண்டு போங்கள், மூன்று பெட்டி.

கிளம்புகிற அன்று சமையல்கார அக்கா பனங்கிழங்கு அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் ஒரு பொட்டலம் தந்தார். அம்மா தன் கழுத்திலிருந்த பனிமய மாதா சுரூபத்தைக் கழற்றிக் கொடுத்தார். வேண்டாம் அம்மா என்று அவர் சொல்லச் சொல்ல, கையில் வைத்து மூடிவிட்டார்.

ஊருக்கு வந்த மறுநாள் விடியற்காலையில் மாடியில் சத்தம் கேட்டு ஏறிப் பார்த்தேன். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றார். துறைமுகப் பக்கம் கிரேன் விளக்குகள் இன்னும் அணையவில்லை. கடலுக்கு மேலே கோடு மாதிரி வெளுப்பு.

"அங்க விடிஞ்சிருக்கும்" என்றார். "கழுதக்குட்டி ஓலையத் திங்க வந்துருக்கும்."